எங்கள் தோட்டத்து வாய்கள்

ஒரு போன் கமெரா என் வாய்க்குள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால், எனக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம் என நம்பிய அறிவாளி நான். ஐம்பதைத் தொடப்போகிற வயதில், தேயிலை ஃபெக்டரியில் மெஷின்களோடு மாரடிக்கிறவனுக்கு இந்தப் புத்தி.

இடது கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். போகாவிட்டால் அதைவிடப் பயம். பயத்துக்கு வெற்றிலை போடுவேன். வெற்றிலையால்தான் திட்டு வந்ததோ என்று மறுபடி பயப்படுவேன். நல்ல ஏற்பாடு.

அப்போதுதான் டயகமப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். படத்தைப் பார்த்தே வாய்ப்புற்றைக் கண்டுபிடிக்கக் கொம்பியூட்டரைப் பழக்குகிறார்களாம். அதற்கு வெற்றிலை போடுகிற வாய்கள் வேண்டுமாம். எங்களிடம் வாய்க்கா பஞ்சம்?

ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பரா வாசலில் வரிசை. எங்கள் ஆட்களை வரிசையில் நிறுத்தினால், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டோ சாவு வீடோ, முதலில் வெளியே வருவது வெற்றிலைப் பைதான். ஒருவர் பாக்கு நீட்டினார், ஒருத்தி சுண்ணாம்பு தந்தாள். பயத்துக்கு நான் இரண்டு வெற்றிலையாக மடித்துப் போட்டேன். முறை வந்ததும் ஓரமாகத் துப்பி, ஒரு மடக்குத் தண்ணீரில் கொப்பளித்து, கல்யாணப் படத்துக்குப் போல தலையை வாரிக்கொண்டு போய் வாயைத் திறந்தோம்.

படமெடுத்த மிஸ் தமிழில் தெளிவாகத்தான் சொன்னாள். "ஐயா, இது கொம்பியூட்டர் படிக்கிறதுக்கு மட்டுந்தான். உங்களுக்கு முடிவு சொல்ல மாட்டோம். டொக்டர்கிட்ட காட்டுங்க."

"சரிங்க மிஸ். மோசமா இருந்தா மட்டும் போன்ல ஒரு கோல் போடுங்க."

"போட மாட்டோம் ஐயா."

சும்மா பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அதன்பிறகு போன் அடித்தாலே அந்த மிஸ்தான் என்று பாய்ந்து எடுப்பேன். ரிங்டோன் விற்கிற கம்பெனிக்காரியிடம், "இன்னும் எத்தனை நாள் மிஸ்?" என்று கேட்டுவிட்டேன். "முப்பது நாள் ஃப்ரீ" என்றாள். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

மாதங்கள் போயும் கோல் வரவில்லை. கொம்பியூட்டர் என்னைப் பாஸ் பண்ணிவிட்டது என்று முனியாண்டிக்குச் சேவல் அறுத்தேன்.

"பேசாம நுவரெலியாவுக்குப் போயி டொக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள் வீட்டுக்காரி.

"அந்தக் கொம்பியூட்டர் ஆயிரம் டொக்டருக்குச் சமம்டி."

"அந்த ஆயிரம் பேர்ல ஒருத்தராவது உங்ககிட்ட பேசினாங்களா?"

பிறகு திட்டில் காரச் சம்பல் பட்டாலே உயிர் போனது. ரொட்டி மெல்ல முடியவில்லை. மிஸ் தந்துவிட்டுப் போன நம்பருக்கு நானே கோல் எடுத்தேன்.

"உங்க தோட்டத்துப் படம் ஒன்னும் சேர்க்கல ஐயா. எல்லா வாயிலயும் வெத்தலைச் சிவப்பு. புண்ணு எது, கறை எதுன்னு கொம்பியூட்டருக்குப் பிரிக்கத் தெரியல."

"அப்ப அது யார் வாயப் பார்த்து படிக்குது?"

"வேற இடத்துல, கறையில்லாத சுத்தமான வாயா பார்த்து எடுத்தோம்."

வெற்றிலை வாயைத் தேடி மலையேறி வந்தவர்கள், வாயில் வெற்றிலை இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். ஃபெக்டரியில் கழிவுத் தேயிலையைத் தனியாகக் குவிப்போம். வாயிலும் கழிவு உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் வீட்டுக்காரி என்னை நுவரெலியா பஸ்ஸில் ஏற்றினாள். டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கொஞ்சம் சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய்தான். இடது கன்னத்தின் உள்சதையையும் அந்தப் பக்கத்துப் பற்களையும் எடுத்துவிட்டார்கள்.