குதிரைக்கு உடம்பு பிடித்துவிடும் ஷமீரா

கூத்தாநல்லூர் ஷமீராவுக்குக் குதிரை என்றாலே பயம். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை குதிரையில் வந்தால், தெருவே வாசலில் கூடி நிற்கும். இவள் மட்டும் உள்ளே போய் ஜன்னல் கம்பி வழியாகப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் குதிரைகளுக்கு மசாஜ் செய்யும் படிப்பில் சேர்ந்தாள் என்றால், அதற்கு ஜாஹித்தான் காரணம்.

ஜாஹித் அவள் கணவன். கத்தாரில் ஒரு குதிரை லாயத்தில் வேலை. லீவில் வருவான், சொந்தக்காரர் வீட்டு விருந்தெல்லாம் சாப்பிட்டு முடிப்பதற்குள் பெட்டி கட்டும் நாள் வந்துவிடும். ஷமீரா திருவாரூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் உதவியாளராக இருந்தாள். ஆற்றில் தண்ணீர் வந்து நடவு தொடங்கிவிட்டால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் பெண்கள் அவளைத்தான் கேட்பார்கள்.

ஒருநாள் வீடியோ காலில் ஜாஹித் சொன்னான்: “இங்க ஒரு பிலிப்பைன்ஸ்காரம்மா வருது. குதிரைக்கு மசாஜ் பண்றதுதான் அதுக்கு வேலை. சர்டிபிகேட் இருந்தா உன்னையும் எடுத்துக்குவாங்க. மனுசனுக்குப் பண்றதக் குதிரைக்குப் பண்ணக் கூடாதா?”

“மனுசன் உதைக்க மாட்டான் மச்சான்.”

“நான் பக்கத்துல இருப்பேன்ல?”

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைப் பெங்களூர் வரைக்கும் கொண்டுபோனது.

பாடமெல்லாம் ஆன்லைனில், இங்கிலீஷில் நடந்தது. செயல்முறைப் பயிற்சி மட்டும் பெங்களூருக்கு வெளியே ஒரு லாயத்தில். “குதிரைக்குக் கால் அமுக்கவா நான் மருமக எடுத்தேன்?” என்று மாமியார் பாத்திமா முணுமுணுத்தாள். ஆனால் மகனும் மருமகளும் ஒரே ஊரில் இருக்கட்டும் என்ற ஆசை அவளுக்கும் இருந்ததால், வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

முதல் நாள் ஒரு குதிரை தலையைத் திருப்பி அவள் துப்பட்டாவை முகர்ந்து சூடாக மூச்சுவிட்டது. ஷமீரா வாளியைத் தட்டிவிட்டு ஓடினாள். கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் மறுநாள் வந்து நின்றாள். போகப்போகத் தோள்பட்டையில் முழங்கையை ஊன்றி அழுத்தும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

பரீட்சையில் ஃபெயில்.

கையில் குறையில்லை என்றார் பரீட்சை வைத்த பெண்மணி. குதிரை இரண்டு தடவை காதைப் பின்னால் மடக்கியதாம். ‘போதும், வலிக்கிறது’ என்று அது சொல்லியும் இவள் கவனிக்கவே இல்லை. ஏதாவது ஒரு குதிரையிடம் நன்றாகப் பழகிவிட்டு மறுபடியும் வரச் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும் பஸ்ஸில் ஷமீரா யோசித்துப் பார்த்தாள். அத்தனை நாளில் ஒரு குதிரையின் முகத்தைக்கூட அவள் நேராகப் பார்த்திருக்கவில்லை. பயத்தில் தன் கையையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

வலங்கைமான் பக்கம் துரைராசு என்பவர் கல்யாணத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் வெள்ளைக் குதிரை ஒன்றை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஷமீரா விஷயத்தைச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“குதிரைக்கு மசாஜா? எம் முட்டி வலிக்கே தைலம் தேய்ச்சுவிட ஆளில்ல தங்கச்சி! சரி, வாங்க. கடிச்சா என்னையக் கேக்கக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமைகளில் நீடாமங்கலத்தில் பஸ் மாறிப் போனாள். தனியாக எப்படி அனுப்புவது என்று மாமியாரும் கூடவே கிளம்பினாள். துரைராசு வீட்டு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, வைத்த கண் வாங்காமல் குதிரையின் காதையே பார்த்துக்கொண்டிருப்பாள். “மடக்குது, மடக்குது! கைய எடு!” என்று அவள் போடும் சத்தத்தில் குதிரையே மிரளும். கொஞ்ச நாளில் அந்தச் சத்தத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. காது அசைவதற்கு முன்பே, தோல் இறுகுவதை ஷமீராவின் விரல் சொல்லிவிடும். பாத்திமா கேரட் நறுக்கிக் கொடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டாள்.

கல்யாண சீசனில் ஒருநாள், சேணம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் கை வைத்ததும் குதிரை வெடுக்கென்று விலகியது. அந்த இடம் கொதித்தது. லேசாக வீங்கியும் இருந்தது.

“அண்ணே, இதுல நான் கை வைக்கக் கூடாது. மாட்டாஸ்பத்திரி டாக்டரக் கூப்பிடுங்க.”

“நாளன்னைக்கு நாகூர்ல கல்யாணம் இருக்கு. லேசாத் தடவிவுடுங்க, சரியாப் போயிடும்.”

“இல்லண்ணே.”

“தடவத்தானே வந்தீங்க? இப்ப தடவ மாட்டேன்னா எப்படி?”

அவர் முகம் சுண்டியது. பேருக்குத் தடவிவிட்டால் மனிதர் சந்தோஷப்படுவார், அடுத்த வாரமும் வரலாம் என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் அந்தச் சூட்டைத் தொட்ட பிறகு கை நீளவில்லை. துரைராசு அரைமனதாகக் கூப்பிட்ட டாக்டர் வந்து கீறிச் சீழ் எடுத்தார். புண் ஆறும்வரை சேணம் போடக் கூடாது என்றார். அந்த சீசன் போயிற்று. அவள் சொன்னதுதான் சரி என்று துரைராசுவுக்குத் தெரியும். கோபம் என்னவோ அவள்மேல்தான். “கொஞ்ச நாளைக்கு வராதீங்க தங்கச்சி” என்றுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஜாஹித் வேலை செய்த லாயத்தில் குதிரைகளை விற்றுவிட்டார்கள். ஒரு பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தான். கணவன் வீட்டில் இருக்கிறான் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். அவன் நாளெல்லாம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னொரு பக்கம்.

“இனிமே எதுக்கு மச்சான் அந்தப் படிப்பு? உங்ககூட இருக்கத்தானே சேந்தேன். நீங்களே வந்துட்டீங்க” என்றாள் ஷமீரா.

மறுநாள் காலை ஜாஹித் பைக்கை எடுத்துக்கொண்டு வலங்கைமானுக்குப் போனான். துரைராசுவிடம் எதுவும் கேட்கவில்லை. குதிரையின் குளம்பைத் தூக்கி மண்ணைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினான், பிடரியைச் சீவிவிட்டான். ஊருக்கு வந்த பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான். துரைராசு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “உங்க சம்சாரம் ரொம்பக் கண்டிப்பு தம்பி.”

“எனக்குத் தெரியாதாண்ணே?”

“புண்ணு ஆறிடுச்சு. வரச் சொல்லுங்க.”

இரண்டாவது பரீட்சையில் ஷமீராவுக்குக் கிடைத்தது ஒரு கிழட்டுக் குதிரை. பாதியில் அது நகர்ந்துகொண்டது. அவள் கையை எடுத்துவிட்டு அதன் முகத்தைப் பார்த்தபடி சும்மா நின்றாள். கொஞ்ச நேரத்தில் குதிரை தலையைத் தொங்கவிட்டு, பெருமூச்சு விட்டு, தானாகவே அவள் பக்கம் வந்து நின்றது. அப்புறம்தான் அவள் மறுபடி கை வைத்தாள். பாஸாகிவிட்டாள்.

கத்தாருக்குப் போகவில்லை. திருச்சிக்கு வெளியே ஒரு குதிரையேற்றப் பள்ளியில் குதிரைகளைப் பராமரிக்கும் வேலை ஜாஹித்துக்குக் கிடைத்தது. ஷமீராவையும் வாரத்தில் சில நாள் கூப்பிட்டார்கள். அது மட்டும் போதாது என்பதால் மற்ற நாட்களில் அங்கேயே ஒரு கிளினிக்குக்குப் போகிறாள். அவள் வேலை செய்யும்போது ஜாஹித் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறான்.

பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்தார்கள். கூத்தாநல்லூரை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த பாத்திமா, ஒருவாரம் இருந்து பார்க்கிறேன் என்று வந்தாள். ஈயும் சாண வாடையும் தாங்கவில்லை என்று தினமும் குறைப்பட்டுக்கொள்கிறாள். ஊருக்கு டிக்கெட் போடவா என்று ஜாஹித் கேட்டால் மட்டும், “பள்ளிக்கூடத்துல பொறந்திருக்கிற அந்தக் குட்டிக் குதிரை பால் மறக்கட்டும், போறேன்” என்கிறாள். குட்டி பால் மறந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.