வாளிக்குள் முனியாண்டி

என்னைக் குருத்துரோகி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

கணவர் இறந்துபோன பிறகு எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஈப்போவில் கிளினிக் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒரு குரு கிடைத்தால் பயம் போகும் என்று நம்பினேன். செமோரில் ஒரு சாமியின் வகுப்புக்கு மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் போனேன். அருமையாகப் பேசுவார். "எல்லாவற்றிலும் இருப்பது ஒரே பொருள்" என்று அவர் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிடும். கடைசியில் தீட்சை தருவதாகச் சொன்னார். அதற்கு முன் சீடரின் வீட்டில் பாத பூஜை நடக்க வேண்டும். அது அவருடைய வழக்கம்.

குனோங் ராபாட்டில் எங்களுடையது வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடு. சமையல்கட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில், ஒரு சாண் உயரமுள்ள ஒரு கல் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தை விற்று எங்களைக் காலி பண்ணச் சொன்னபோது அப்பா கொண்டுவந்த முனியாண்டி. கட்டிலைக்கூட விட்டுவிட்டு வந்த மனிதர், இதை மட்டும் லாரியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் முன் ஒரு சுருட்டைக் கொளுத்தி வைப்பார்.

பாத பூஜையும் ஒரு வெள்ளிக்கிழமைதான் அமைந்தது. காலையிலேயே எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உபநிஷதம் பேசுகிறவர் வருகிற வீட்டில் சுருட்டுச் சாமியா? அப்பா டீக்கடைக்குப் போன நேரம் பார்த்து, துணி அலசுகிற வாளியை எடுத்து முனியாண்டி மேல் கவிழ்த்தேன்.

சாமி நான்கு சீடர்களோடு வந்தார். நான் அவர் பாதத்தில் பூப் போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வாளி உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சுருட்டு வாசனை வந்தது. சாமி எழுந்து போய்ப் பார்த்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். பின்வாசல் வழியாகத் திரும்பி வந்திருந்த அப்பா, கல்லின் முன் சுருட்டைக் கொளுத்தி வைத்திருந்தார்.

"என்னம்மா இது? துர்தேவதை இருக்கிற வீட்டில் மந்திரம் நிற்காது. இதை ஆற்றில் விட்டுவிடு. இல்லையென்றால் இந்தக் குடும்பத்துக்கே ஆகாது" என்றார் சாமி.

அப்பா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாளிய நீயாம்மா கவுத்த?" என்று என்னிடம் கேட்டார்.

திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றேன். பிறகு எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது. சாமியிடம் கேட்டேன்.

"எல்லாத்துலயும் ஒரே பொருள்தான்னு சொன்னீங்களே சாமி. இந்தக் கல்லுல மட்டும் இல்லையா?"

"குருவை எதிர்த்துக் கேட்பது பாவம்."

கூட வந்த அக்கா ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "மன்னிப்பு கேட்டுரு லா. மூணு வருஷமும் வீணாப் போயிரும்."

போனால் போகட்டும். பயம் போகத்தான் குருவைத் தேடினேன். வீடு தேடி வந்து புதுப் பயத்தை இறக்கி வைக்கிறவர் எப்படி எனக்குக் குருவாவார்?

"எனக்குத் தீட்சை வேணாம் சாமி. நீங்க கெளம்பலாம்" என்றேன்.

மத்தியானத்துக்குள் என்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதற்காக எல்லாச் சாமியாரும் போலி என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னமும் குரு வேண்டும். யார் வந்தாலும் முதலில் பின்பக்கம்தான் கூட்டிப்போவேன்.

ஆனால் என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். சாமி கல்லை ஆற்றில் விடச் சொன்னார், அவ்வளவுதான். அவர் வாய் திறக்கும் முன்பே அதை மூடி வைத்தவள் நான்.

அன்று சாமியின் கார் போனதும் அப்பாவிடம் போய், "மன்னிச்சிருங்கப்பா" என்றேன்.

"எங்கிட்ட எதுக்கு? நீ மூடுனது அவரத்தான."

சுருட்டு பாதியில் அணைந்திருந்தது. அப்பா தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். தீட்சைக்கென்று வாங்கிய புதுப் புடவையோடு ஈரத் தரையில் உட்கார்ந்து, நானே கொளுத்தி வைத்தேன்.