புது டிஸ்குக்கு வைத்த மஞ்சள்

இரண்டு வருடத்துக்கு முன்னால், மே மாதத்து வெள்ளிக்கிழமை. தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஏஜென்சி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணிகளுக்குத் தாள்கள் தயார் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. தோணி என்றதும் சின்னப் படகு என்று நினைத்துவிடாதீர்கள். மரத்தில் கட்டிய கப்பல் அது. வெங்காயம், முருங்கைக்காய், தேங்காய், செங்கல், ஜல்லி, பிளாஸ்டிக் குடம் என்று ஓர் ஊருக்கே வேண்டிய சாமான் அதற்குள் போகும். அத்தனைக்கும் வரி வரியாகப் பட்டியல் அடிக்க வேண்டும். அடிப்பது நான்.

என் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, ஆபீஸைக் கூட்டி, சாமிக்குப் பூ வைத்து, டீயும் குடித்து வந்தால்கூட அந்தச் சக்கரம் திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "நீ விளங்குவியா?" என்று அதைக் கேட்காத நாள் இல்லை.

அந்த வாரம் பார்த்து, ஒரு தோணிக்கு இருநூற்றுச் சொச்சம் வரிப் பட்டியல் வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து அடித்தேன். அதற்குள் நாலு தடவை அப்படியே உறைந்து நின்றது. போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எஸ்.எஸ்.டி. என்ற ஒன்றைப் பற்றித் தெரிந்தது. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு அதை மாட்டினால், கிழட்டுக் கம்ப்யூட்டர்கூடக் குமரிபோல ஓடுமாம். ஒரு வீடியோ இல்லை, பதினேழு வீடியோ பார்த்தேன். எங்கள் முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டேன். "ஏளா, எதையாவது பிரிச்சுப் போட்டு வச்சிராத" என்றார். நான் விடுவேனா? அவரை நச்சரித்தே சம்மதிக்க வைத்து, வியாழக்கிழமை அதை வாங்கி வந்துவிட்டேன். சீட்டுக்கட்டு அளவுதான் இருந்தது, அதிலும் பாதித் தடிமன். இதற்குள் என் மூன்று நாள் உழைப்பு அடங்குமா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே ஒரு கேபிள் வழியாகப் பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் புதியதற்கு நகல் எடுக்கப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் எட்டரைக்கே ஆபீஸில் ஆஜர். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டு எண்ணவில்லை, திரை வந்துவிட்டது! நான் போட்ட கூச்சலில், கடிதப் போக்குவரத்துப் பார்க்கும் பக்கத்து மேசைப் பெண் எனக்கு ஷாக் அடித்துவிட்டதென்று ஓடி வந்தாள். அவளுக்காக அணைத்து, இன்னொரு தடவை போட்டுக் காட்டினேன். பிறகு எனக்காக ஒரு தடவை. பட்டியலைத் திறந்தால், சொடுக்குப் போடுவதற்குள் இருநூற்றுச் சொச்சம் வரியும் வந்து நிற்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கல்யாணத்துக்குக்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

அந்தக் குஷியில்தான் புத்தி கெட்டது. இனி இந்தப் பழைய டிஸ்க் எதற்கு, மகள் பள்ளிக்கூடத்தில் ஆடிய வீடியோக்களைப் போட்டு வைக்கலாமே என்று அதே கேபிளில் மாட்டி, அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்தேன். ஒரு பொத்தான், முடிந்தது.

இதற்கிடையில் அந்தத் தோணியின் டிரைவர், அதாவது இஞ்சினைப் பார்க்கிறவர், தோணிக்காரர்களின் அடையாளத் தாள்களோடு வந்திருந்தார். பக்கத்துக் கடலோர ஊரான கீழவைப்பார்காரர். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததே இல்லை. திறந்து கிடந்த பெட்டிக்குள் ஆசையாக எட்டிப் பார்த்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "தள்ளி நில்லுங்க. இது ஒண்ணும் தோணி இஞ்சின் இல்ல" என்றேன். அவர் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

கிளம்புவதற்கான அனுமதித் தாளுக்காகக் காத்திருந்தார் பாவம். தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் தோணி ஓட்ட அனுமதி கிடையாது. நாலு மாதம் கரையில்தான் கிடக்கும். அந்தப் பருவத்தில் அந்தத் தோணிக்கு அதுதான் கடைசி ஓட்டம். மதியம் ஒரு மணிக்குள் சுங்கத்துறைக் கம்ப்யூட்டரில் பட்டியல் ஏறவில்லை என்றால், ஏற்றிய காய்கறியை இறக்கிவிட்டு, தோணியில் வேலை செய்கிற பத்துப் பேரும் வீட்டைப் பார்க்கப் போகவேண்டியதுதான். பட்டியலோ என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது.

மணி ஒன்பதரை. நேரம் நிறைய இருக்கிறதென்ற தெம்பு. பக்கத்து மேசைப் பெண் கிண்டலாக, "எக்கா, இவ்வளவு ஓடுதே, இதுக்கு ஒரு பொட்டு வைக்கலியா?" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். எனக்கு அட, ஆமாம் என்று தோன்றிவிட்டது. எங்கள் வீட்டில் புது நோட்டோ, கல்யாணப் பத்திரிகையோ, புதுச் சேலையோ, மஞ்சள் வைக்காமல் எதையும் தொடமாட்டோம். கம்ப்யூட்டரை அணைத்து, எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, நாலு மூலையிலும் தாராளமாக வைத்தேன். நடுவில் குங்குமம். திருச்செந்தூர் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துச் சூடமும் காட்டியாயிற்று. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். திரும்ப மாட்டிச் சுவிட்சைப் போட்டேன்.

கறுப்புத் திரை. அதில் வெள்ளையாக ஒரு வரி: டிஸ்க் எதுவும் இல்லையாம்.

அணைத்துப் போட்டேன். அதே வரி. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். அதே வரி. பழைய டிஸ்கை மாட்டலாம் என்று கையில் எடுத்த பிறகுதான், அதை என் கையாலேயே துடைத்துப் போட்டது உறைத்தது. மூன்று நாள் அடித்ததை மூன்று மணி நேரத்தில் அடிக்க முடியுமா? வியாபாரிகள் கொடுத்த சீட்டில் பாதி என்னிடம் இல்லவே இல்லை.

பெஞ்சிலிருந்து டிரைவர், "என்னக்கா, ஆயிருச்சா?" என்றார். மறைத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. "எல்லாம் போச்சு" என்று சொல்லி, எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டேன்.

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். கத்துவார் என்றுதான் நினைத்தேன். கத்தியிருந்தால் நியாயம். எழுந்து வந்து, என் மேசைக்கு ஓரடி தள்ளியே நின்று, "நான் ஒருக்கா பாக்கட்டா?" என்று கேட்டார். காலையில் நான் சொன்னதை அவர் மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கழற்றிக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஓரத்தில், கேபிள் மாட்டும் இடத்தில் தங்க நிறத்தில் குட்டிக் குட்டிப் பற்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் பாதிக்குமேல் மஞ்சள் அப்பிக் காய்ந்து கிடந்தது. நாலு மூலை என்று நான் வைத்ததில் ஒரு மூலை அங்கே போய் விழுந்திருக்கிறது!

"அழுவாதீய. உசுரு போவல, வாயிதான் அடைச்சிருக்கு" என்றார். பிறகு, பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர் இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்து மேசைப் பெண் டிராயரைக் கவிழ்த்தே எடுத்துக் கொடுத்தாள். டிஸ்கை என் மேசையில் வைத்து, ரப்பரின் முனையால் ஒவ்வொரு பல்லாக, ஒரே திசையில், குழந்தைக்குப் பல் தேய்த்துவிடுவது போல மெல்லத் தேய்த்தார். தோணியில் வயர்லெஸ்ஸும் திசை காட்டுகிற கருவியும் உப்புக் காற்றில் அடிக்கடி இப்படித்தான் நின்றுபோகுமாம். "நடுக்கடல்ல எந்தக் கடைக்குப் போவ? ரப்பர்தான் எங்களுக்கு மெக்கானிக்" என்றார். கேபிளின் வாய்க்குள்ளும் காகிதத்தை மடித்து விட்டு, ஒட்டியிருந்த மஞ்சளைச் சுரண்டி எடுத்தார். ஒரு கால் மணி நேரம் இருக்கும்.

"நீங்களே மாட்டுங்கக்கா" என்று நீட்டினார். மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். இந்தத் தடவை எண்ண வாய் வரவில்லை.

வந்தது! திரை வந்தது, பட்டியல் வந்தது, முருங்கைக்காயிலிருந்து பிளாஸ்டிக் குடம்வரை ஒரு வரி குறையாமல் வந்தது. நானும் பக்கத்து மேசைப் பெண்ணும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அவர் "மாதாவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டார். நான் முருகா, முருகா என்று கத்திக்கொண்டிருந்தேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி உள்ளே நுழைந்தார். பிரிந்து கிடந்த பெட்டி, அழுது வீங்கிய என் முகம், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏளா, என்னத்தக் கெடுத்து வச்ச?" என்றார். டிரைவர் மேசையில் கிடந்த மஞ்சள் கலந்த ரப்பர் தூளைக் கையால் கூட்டி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. உப்புக் காத்துல பழைய கேபிள் பல்லு கறுத்திருந்துச்சு, தொடச்சாச்சு. எக்கா புதுசா மாட்டி நல்லா ஓடுது, பாருங்க" என்றார்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் பட்டியல் ஏறிவிட்டது. அனுமதித் தாளை வாங்கிக்கொண்டு அவர் கிட்டத்தட்ட ஓடினார். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் சந்து முனை தாண்டிவிட்டார். சாயங்காலம் தோணி கிளம்பிய செய்தி வந்ததும், நானே அண்ணாச்சியிடம் போய் மஞ்சள் வைத்த கதையைச் சொன்னேன். மனுஷன் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. நாலு மாதம் கழித்து, தோணிகள் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு அந்த டிரைவரை விசாரித்தேன். வேறு ஏதோ தோணிக்கு மாறிவிட்டார் என்றார்கள். இன்றுவரை பார்க்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் பன்னிரண்டு எண்ணுவதற்குள் எழுந்துவிடுகிறது. எனக்குத்தான் ஒரு மாற்றம் வந்திருக்கிறது: யாராவது என் முன்னால் தப்பைச் செய்துவிட்டு முழித்துக்கொண்டு நிற்கும்போது, தன் கடைசி ஓட்டத்துப் பிழைப்பே போகவிருந்த அன்றும் என் தப்பைக் கூட்டி எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்ட அந்தக் கை ஞாபகம் வருகிறது, பாதி நேரம் வாயை மூடிக்கொள்கிறேன், மீதி நேரத்துக்கும் பழகிக்கொண்டிருக்கிறேன்.