இடக்கையில் ஒரு பிடி அரிசி

நவ்சாரியில் தெஹ்மி டீச்சரைத் தெரியாத பார்சிக் குடும்பமே கிடையாது. பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் ஒரு கோடியில் நின்று பந்தை எறிந்தாளென்றால் மறு கோடியில் நட்டிருக்கும் குச்சி பறக்கும். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் போய்ச் சேர்ந்து வருஷச் சடங்கும் முடிந்தபோது அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் கல்யாணச் செய்தி வெடித்தது.

மாப்பிள்ளை சவக். கரும்புக் காடியும் ஊறுகாயும் போடுகிறவர். ஊரில் நடக்கும் எல்லாக் கல்யாணப் பந்திக்கும் இலையில் முதலில் விழுவது அவருடைய கேரட் ஊறுகாய்தான். பீப்பாய்களோடு வாழ்ந்து வாழ்ந்து, காத்திருப்பதே குணமாகிப்போன மனிதர். பல வருஷமாக தெஹ்மி வீட்டுக்கு ஜாடி ஜாடியாக ஊறுகாய் அனுப்பியவர், அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. கடைசியில் தெஹ்மியே கடைக்குள் நுழைந்தாள்.

"சவக், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"ஊறுகாய்தானே? இன்னும் ஊறணும், தெஹ்மி."

"நான் ஊறினது போதும். என்னைக் கட்டிக்கிறீங்களா, மாட்டீங்களா?"

சவக்கின் கையிலிருந்த அகப்பை பீப்பாய்க்குள் விழுந்தது. அதைத் துழாவி எடுத்து, துடைத்து, ஆணியில் மாட்டிவிட்டுத்தான் "சரி" என்றார். தெஹ்மிக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. வாசலில் இரண்டு பேர் நின்றதால் அடக்கிக்கொண்டாள்.

தம்பி புர்ஜோருக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

"இந்த வயசுல மணவறையா, அக்கா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்டா. சாப்பிட்டுட்டுச் சிரிக்கச் சொல்லு. மீன் மட்டும் நல்ல வவ்வாலா பாத்து வாங்கு."

புர்ஜோரின் மனைவி ஆய்மாய்க்கோ கால் தரையில் பாவவில்லை. அவளுடைய கவலை ஒன்றே ஒன்று: அரிசி.

பொண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைத்து, நடுவில் துணித் திரை பிடிப்பார்கள். திரைக்கு அடியில் இருவரின் வலக்கையும் கோத்திருக்கும். இடக்கையில் அரிசி. திரை விழுந்ததும் யார் முதலில் வீசுகிறார்களோ, அந்த வீட்டில் அவர்கள் கொடிதான் பறக்கும். தெஹ்மியின் பேர்போன வலக்கைக்கு அங்கே வேலையே இல்லை! அதனால் பள்ளிவிட்டு வந்ததும் அடுக்களைக் கதவைக் குறி பார்த்து இடக்கையால் அரிசி வீசிப் பழகினாள். ஆய்மாய் பெருக்கி அள்ளிக்கொண்டே இருந்தாள்.

"தோள இறக்குங்க அண்ணி! மணிக்கட்டுலேர்ந்து வரணும்!"

"எனக்கே சொல்லித் தர்றியா நீ?"

வாசலில் மாவிலைத் தோரணம் ஏறியது. சுண்ணாம்புப் பொடியில் மீன் கோலங்கள் விழுந்தன. கல்யாணத்தன்று பொழுது சாய்கிற நேரம், அகியாரி என்னும் நெருப்புக் கோயிலின் தோட்டத்தில் எள் போட்டால் எள் விழாது. தெஹ்மியிடம் படித்த பெண்களெல்லாம், பிள்ளை பெற்றவர்கள்கூட, முதல் வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் சவக்கின் அக்கா பானு தன் படையோடு உட்கார்ந்திருந்தாள்.

"பானு ஆன்ட்டி, உங்க தம்பி வீசறதுக்குள்ள பந்தி முடிஞ்சிடும்!"

"போங்கடி வாயாடிங்களா! உங்க டீச்சர் இடது கையால சோறுகூட அள்ளினதில்ல!"

ஆய்மாய் முட்டையை தெஹ்மியின் தலையைச் சுற்றிக் காலடியில் உடைத்தாள். தேங்காயும் சுற்றியாயிற்று. வெள்ளைப் புடவையில் தெஹ்மி நாற்காலியில் அமர்ந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எத்தனையோ போட்டிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறாள், இப்படி அடித்ததில்லை. திரைக்கு அடியில் ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது. காடி வாசனை.

பூசாரிகளான தஸ்தூர்கள் மந்திரம் சொல்லியபடி நூலை இருவரையும் சுற்றி ஓட்டினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டம் முன்னால் நகர்ந்தது. கடைசிச் சுற்று. நெருப்பில் சாம்பிராணி விழுந்தது. தெஹ்மி மணிக்கட்டைத் தளர்த்தினாள். துணியைப் பிடித்திருந்தவர்களின் விரல்கள் அசைந்தன.

சடசடவென்று அவள் தலையில் அரிசி கொட்டியது!

திரை பாதிகூட இறங்கவில்லை. அதற்கு மேலாக எட்டி, கைப்பிடி அத்தனையையும் வீசியிருந்தார் சவக். தெஹ்மி வாயைப் பிளந்தபடி இருந்தாள். அவளுடைய அரிசி கையிலேயே இருந்தது.

"செல்லாது! திரை விழவே இல்ல!" என்று முதல் வரிசை எழுந்து கத்தியது.

"அதெல்லாம் செல்லும்! ஏன் தம்பி, இத்தனை நாளு எங்கடா ஒளிச்சு வச்சிருந்த இந்தக் கைய!" பானு நாற்காலிமேல் ஏறி நின்று கை தட்டினாள்.

"தஸ்தூர்ஜி, நீங்களே சொல்லுங்க!"

பெரிய தஸ்தூர் தாடியைத் தடவினார். "இது என்ன கிரிக்கெட்டா, மறுபடி ஆட? வீசினது வீசினதுதான்."

"ஏங்க இப்படி?" என்றாள் தெஹ்மி. கண்ணில் நீர் முட்டியது. சிரிப்பாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

தலைப்பாகை ஒரு பக்கம் சாய்ந்திருக்க, சவக் மூச்சு வாங்கினார். "நான் வீசணும்னே நெனைக்கல, தெஹ்மி. காத்திருந்தது போதும்னு கை தானாப் போயிடுச்சு."

அதைக் கேட்டதும் தெஹ்மி தன் பங்கு அரிசியை அவர் முகத்தில் ஓங்கி அடித்தாள். தோட்டமே அதிர்ந்தது. புர்ஜோர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். சிரித்தவன் அக்காவின் தோளில் சாய்ந்து அழுதும்விட்டான்.

"சாப்பிட வாங்க!" என்ற குரல் கேட்டதும் கூட்டம் இலைகளுக்குப் பாய்ந்தது. பச்சைச் சட்னி பூசி வாழையிலையில் சுற்றி வேகவைத்த வவ்வால் மீன், மொறுமொறு உருளைத் துருவல் தூவிய கோழி, புலாவும் பருப்பும். தெஹ்மி இரண்டு மீன் பொட்டலம் பிரித்தாள். மூன்றாவதைக் கேட்க வாயெடுப்பதற்குள் சவக் தன்னுடையதை அவள் இலைக்குத் தள்ளினார்.

அந்த வாரமே இருவரும் பார்சிகளின் பெரிய நெருப்புக் கோயில் இருக்கும் உத்வாடாவுக்கு ரயில் ஏறினார்கள். அக்னியின் முன்னே சந்தனக் கட்டை வைத்துக் கும்பிட்டுவிட்டு, மத்தியானம் கடற்கரைக்குப் போனார்கள். தெஹ்மி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அந்தப் படகு வரைக்கும் ஓடலாமா?"

"இந்த முழங்காலோடயா? இரு, வேட்டி மாதிரி இந்தக் கால்சட்டைய மடிச்சுக்கறேன்."

அவர் மடித்து முடிக்கும் வரை அவள் காத்திருக்கவில்லை.