ஒருக்கா மட்டும் கேக்கிற நாடு

பிறத்தி நாட்டுக்குப் போய் பிரெஞ்சு படிக்கிறதும் ஒரு தொழில்தான். மூளைக்கு முந்தி வயிறு அதில வேலைக்குப் போயிடும். படிக்க வெளியூர் போய்ப் பட்டினி கிடந்த நம்மட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவல்ல. கல்முனைக்குடியில இருந்து புலமைப்பரிசிலில பிரான்ஸுக்குப் போனன். முதல் தவணை முடிவில வாய்மொழிப் பரீட்சை. அதில விழுந்தா பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். வாப்பாவோ மீன் சந்தை முழுக்க, "மகன் பிரான்ஸில படிக்கிறான்" எண்டு தம்பட்டம் அடிச்சு முடிச்சிட்டார்.

முதல் சாப்பாடு

என்னைத் தங்க வச்சது மதாம் ஒதெத் எண்டு ஒரு நல்ல மனிசி. நான் முஸ்லிம் எண்டு முதலே விசாரிச்சு, மீன் பொரிச்சு வச்சிருந்தா. ஒரு துண்டு முடிய, "இன்னொண்டு வைக்கவா?" எண்டா. நம்மட பழக்கம் தெரியும்தானே? முதல் தரம் கேட்டா "வேணாம்" எண்ட வேணும். மறுக்காக் கேட்டா "ஐயோ, போதும்" எண்டு சோத்துக் கோப்பையைக் கையால மறைக்க வேணும். மூணாந்தரம் கையைத் தட்டிவிட்டு அவங்களே வைப்பாங்க. நான் மரியாதையா "வேணாம்" எண்டன்.

மனிசி மீனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போயிட்டா! மறுக்காக் கேக்க வருவா எண்டு குசினி வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தன். வந்தா, ஆனா கையில மேசை துடைக்கிற துணியோட. சந்தோசமாச் சொன்னா: "கொஞ்சமாத் தின்னுற புள்ளை, உன்னை வச்சுப் பார்க்கிறது லேசு!"

கன்னம் தப்பின கதை

அங்க ஆம்புள பொம்புள எண்டில்லாம, சந்திச்சாக் கன்னத்தோட கன்னம் வச்சு முத்தம் கொடுப்பாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை மதாம்ட தங்கச்சி வந்தா. முகத்தை நீட்டிக்கொண்டு கிட்ட வாறா. யா அல்லாஹ்! பின்னுக்குப் போய், வலக்கையை நெஞ்சில வச்சுத் தலையைக் குனிஞ்சன். கோவிக்கப்போறா எண்டு பார்த்தா, அவவும் நெஞ்சில கையை வச்சிட்டா. மதாமும் வச்சா. கொஞ்ச நாளில அந்தத் தெருவே என்னைக் கண்டா நெஞ்சில கையை வைக்கத் தொடங்கிட்டு. பக்கத்து வீட்டுக் கிழவர்தான் காரணத்தோட சொன்னார்: "இது நல்ல வேலை தம்பி, தடிமன் இருமல் தொத்தாது."

எல்லாத்துக்கும் ஓம்

வகுப்பில எங்கட ஆசிரியை வேணுமெண்டே வம்பிழுப்பா. ஒரு நாள், "தேத்தண்ணி எல்லாம் ஒரு குடிப்பே இல்ல" எண்டா. பிரேசில்காரப் புள்ளை ஒண்டு எழும்பிச் சண்டைக்குப் போச்சு. நான் தேத்தண்ணியில வளந்தவன், "ஓம் மிஸ்" எண்டன். அடுத்த நாள், "கோப்பி எல்லாம் ஒரு குடிப்பே இல்ல" எண்டா. அதுக்கும் "ஓம் மிஸ்". படிப்பிக்கிற ஆளை எதிர்த்துக் கதைக்க எனக்கு நாக்கு எழும்பாது. வகுப்பு முடிய என்னை நிப்பாட்டிச் சொன்னா: "மரியாதைக்குப் புள்ளி இல்ல, எதிர்த்துக் கதைக்காட்டிப் பரீட்சையில விழுவாய்."

உம்மாட தீர்ப்பு

எனக்கு அழுகையே வந்திட்டு. மீன் சந்தையில வாப்பா தலை குனிஞ்சு நிக்கிறதுதான் கண்ணுக்குள்ள. உம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தன். பரீட்சையைச் சொல்ல முந்தியே, "ஏன் மகன் இப்படிக் காஞ்சு போய்க் கிடக்காய்?" எண்டா. மீன் கதையைச் சொன்னன். உம்மாவுக்கு வந்ததே ஆத்திரம்! பரீட்சையைப் பத்திக் கேக்கவே இல்ல. "என்ன பொம்புளடா அவ, மறுக்கா ஒருக்காக் கேட்டா வாய் தேஞ்சிருமா?"

பரீட்சை

பரீட்சை வச்ச மனிசி சிரிக்கத் தெரியாத ஆள். "விருந்தோம்பலில பிரான்ஸை மிஞ்ச ஆருமில்ல, என்ன சொல்லுறீங்க?" எண்டா. "ஓம் மிஸ்" தொண்டை வரைக்கும் வந்திட்டு. அந்த நேரம் பார்த்து வயிறு கத்திச்சு. "இல்ல!" எண்டன். அவ்வளவுதான், தவணை முழுக்கத் தின்னாத மீன் எல்லாம் வாயால வந்திச்சு. ஒருக்காக் கேட்டுட்டு எடுத்துக்கொண்டு போறது விருந்தில்ல, விசாரணை எண்டன். "வேணாம் எண்டவரை மறுக்காக் கேட்டா, அவர்ட பேச்சை நம்பல்ல எண்டுதானே அர்த்தம்? அது அவமரியாதை" எண்டு அவ பாய்ஞ்சா. "பசிச்சவன்ட பேச்சை ஏன் நம்புறீங்க, முகத்தைப் பாருங்க!" எண்டு நானும் பாய்ஞ்சன். மேசையில குத்தியும் போட்டன். கதை முடிஞ்சிது, ஊருக்குத்தான் எண்டு எழும்ப, அவ பேனையை மூடி வச்சுட்டுச் சொன்னா: "நீங்க சொன்னதில ஒண்டையும் நான் ஏத்துக்கொள்ள மாட்டன். பாஸ்."

இப்ப படிப்பு முடிச்சு வந்து, கல்முனைக்குடியில ஆர் வீட்டுக்குப் போனாலும் முதல் தரம் கேக்கக்குள்ளேயே "ஓம்" எண்டு கோப்பையை நீட்டிடுறன், பிரான்ஸுக்குப் போய்ப் பொடியன் மரியாதை கெட்டு வந்திருக்கான் எண்டு ஊரே கதைக்குது.