குஷன்காரம்மாவின் சைக்கிள் சீட்

உட்காருவது என்ன பெரிய விஷயம் என்று குஷன்காரம்மாவிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அரை நாள் போய்விடும். சோபா, கார் சீட், பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, முடிவெட்டும் கடையின் சுழல் நாற்காலி என்று அந்த ஊரில் நீங்கள் எதில் போய் உட்கார்ந்தாலும் அடியில் அவருடைய தையல் இருக்கும். கண்ணாடிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒடுக்கமான கடை. ஃபோம் அடுக்குகள் கூரையைத் தொடும், ரெக்சின் சுருள்கள் சுவரோரம் நிற்கும், வாசலில் பாதி உரித்த சோபா ஒன்று எப்போதும் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கும். கடைக்கு வருகிறவர்களின் முகத்தை அம்மா அப்புறம்தான் பார்ப்பார். முதலில் பார்ப்பது அவர்கள் உட்காரும் விதத்தை. "உங்களுக்கு இடது பக்கம் இடுப்பு பிடிச்சிருக்கணுமே" என்பார். பிடித்திருக்கும்.

இப்படிப்பட்டவருக்குப் பெருமை இல்லாமல் இருக்குமா? இருந்தது. கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. அந்தப் பெருமைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை நடுவழியில் கொண்டுபோய் நிறுத்தியது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அம்மாவின் வீட்டுக்காரர் தண்ணீர் வாரியத்தில் வீடுவீடாகப் போய் மீட்டர் பார்க்கிறவர். பேச்சு குறைவு. உடம்பை அசைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதிலிருந்து ஞாயிறு காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் அணைக்குப் போய்வர ஆரம்பித்தார். பேக்கரிக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், இன்னும் சிலர் சேர்ந்து சின்னக் கூட்டமாகிவிட்டது. அம்மாவுக்கு ஞாயிறுதான் வேலை மும்முரம். கார் வைத்திருப்பவர்கள் அன்றைக்குத்தான் சீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து போடுவார்கள்.

மதியம் திரும்பி வரும்போது மனுஷர் முகம் வேறாக இருக்கும். கழுவித் துடைத்து வைத்த மாதிரி. அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று அம்மா கேட்பார். "சும்மா தண்ணிதான்" என்பார் அவர். வாரம் முழுக்கத் தண்ணீர் மீட்டரைப் பார்க்கிற மனுஷர் ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீரைப் பார்க்கப் போய் இந்த முகத்தோடு வருவாரா? அம்மா நம்பவில்லை. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவே அப்படித்தான் சொல்வார்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நானும் வரப்போகிறேன், அதற்கு ஒரு சைக்கிள் வாங்கப்போகிறேன் என்று அறிவித்துவிட்டார். மார்க்கெட்டுக்குப் போய்வரப் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று வீட்டில் உண்டு. ஆனால் அதில் அணைக்குப் போனால் மறுநாள்தான் திரும்பலாம். வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடி, நல்லதாகவே ஒன்று சொன்னார்.

"வாயேன். பாதியில முடியலைன்னா சொல்லு, நானும் உன்கூடவே திரும்பிடறேன்."

அன்பாகச் சொன்ன வார்த்தைதான். அம்மாவுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. தான் பாதியில் திரும்பினால் அவரும் திரும்புவார். வாரத்தில் அவருக்கென்று இருக்கிற ஒரே காலை போய்விடும். அப்புறம் அவர் கூப்பிடமாட்டார், தானும் கேட்கப்போவதில்லை, அந்த முகம் எங்கிருந்து வருகிறது என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும். போனால் கடைசிவரை போகவேண்டும், இல்லையென்றால் போகவே கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினார்.

சைக்கிள் கடையில் நடந்ததை அந்தக் கடைக்காரத் தம்பி இன்றும் சொல்லிச் சிரிப்பான். விலை குறைந்த சைக்கிள் ஒன்றை முதலில் காட்டியிருக்கிறான். அம்மா அதை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்து, ஒற்றை சோபா கனம் கனக்கிறதே என்று கீழே வைத்துவிட்டார். அடுத்தது பந்தய சைக்கிள். ஒரு விரலில் தூக்கலாம். ஆனால் ஏறி உட்கார்ந்ததும் முதுகு வில்லாக வளைந்து, தாடை ஹேண்டில்பாரைத் தேடிக்கொண்டு போனது. இதில் போனால் ரோட்டைத்தான் பார்க்கலாம், ஊரைப் பார்க்க முடியாது என்று இறங்கிவிட்டார். விலையும் தலையைச் சுற்ற வைத்தது என்பதை அவர் வெளியே சொல்லவில்லை.

மூன்றாவதாக வந்தது நடுத்தர விலையில் ஒரு நீல நிற ரோடு சைக்கிள். பந்தய சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார்தான், ஆனால் கொஞ்சம் உயரத்தில் இருந்தது. டயர் ஒரு சுற்று தடிமன். அலுமினியச் சட்டம், ரோட்டின் அதிர்வு கைக்கு ஏறாமலிருக்க முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் மட்டும் கார்பன். மேடு ஏற லேசான கியர்கள், சுருக்கென்று பிடிக்கும் டிஸ்க் பிரேக். வீட்டுக்காரரைச் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தோள் இறுகவில்லை, கழுத்து இழுக்கவில்லை. முழங்கை மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. ஹேண்டில்பார் தள்ளியிருக்கிறது, கிட்டே கொண்டுவர வழியுண்டா என்று கேட்டார். கடைக்காரன் அதைத் தாங்கும் தண்டைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஒன்றை மாட்டினான். முழங்கை இளகியது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு அம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடையில் இருந்தவர்கள் தூங்கிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

அதுவரை எல்லாம் சரி. ஆளைப் பார்த்து நாற்காலி செய்கிறவர், தனக்குச் சைக்கிளைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தார். இறங்கியதும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சீட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எந்தச் சீட்டையும் அவர் அழுத்திப் பார்க்காமல் விடமாட்டார். விரல் உள்ளே போகவே இல்லை. அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துக் கடைக்காரன் பயந்துபோனான். "அதை மட்டும் மாத்தாதீங்கம்மா. கொஞ்ச நாள் ஓட்டுங்க, பழகிடும்" என்றான்.

அம்மா சிரித்தார். சீட்டைப் பற்றி எனக்கே பாடமா என்பது அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

அந்த வாரம் முழுக்கக் கடையில் வேறு வேலை ஓடவில்லை. ஒரு கார்காரர் சீட் இல்லாமல் ஸ்டூல் போட்டு வண்டி ஓட்டாத குறையாக அலைந்தார். கடைக்காரன் கொடுத்த சீட்டை அப்படியே உள்ளே வைத்து, மேலே கெட்டி ஃபோம் ஓர் அடுக்கு, அதன்மேல் மெத்து ஃபோம் ஓர் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே பழுப்புத் தோல். அடியில் கண்ணுக்குத் தெரியாத மறைதையல். பசை ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. எந்தச் சீட்டையும் என்றைக்காவது ஒருவர் பிரித்தே ஆகவேண்டும், பிரிக்க முடியாதபடி தைக்கிறவன் தொழில்காரனே இல்லை என்பது அம்மாவின் சட்டம். உயரம் கூடிவிட்டதால் சீட் கம்பியையும் இறக்கிக்கொண்டார்.

தெருவுக்குள் ஒரு சுற்று வந்து பார்த்தார். சொர்க்கம். அப்புறம் அம்மாவைப் பிடிக்க முடியுமா? மருந்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அழுத்திப் பார்க்கச் சொன்னார். கண்ணாடிக் கடைக்காரரை உட்காரவே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் கிளம்புகிற இடத்திலும் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் சீட்டை அமுக்கிப் பார்த்தார்கள். தன் கடையில் சுடும் பன்கூட இவ்வளவு மெத்தென்று இல்லை என்று பேக்கரிக்காரர் ஒத்துக்கொண்டார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

ஊர் எல்லை வரை பல் தெரிந்தது. பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் உதடு மூடியது. மரப்பட்டறைகள் வரிசை முடிவதற்குள் அம்மா சீட்டில் இந்தப் பக்கம் நகர்ந்து, அந்தப் பக்கம் நகர்ந்து, பெடலில் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்து படாதபாடு பட்டார். தொடை இரண்டும் உரசி எரிந்தது. இரண்டு காலுக்கும் நடுவே மரத்துப்போனது. மூச்சு நன்றாகத்தான் இருந்தது, கால் வலிக்கவில்லை, கை வலிக்கவில்லை. சைக்கிள் தண்ணீரில் விட்ட படகாகப் போனது. சீட்தான், அவர் கையால் தைத்த சீட்தான் அவரைக் கொன்றது.

வீட்டுக்காரர் வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வந்தார். முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"திரும்பிடலாமா?"

கேலி இல்லாத குரல். அதுதான் தாங்கமுடியவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மறுபேச்சில்லாமல் ஹேண்டிலைத் திருப்பிவிடுவார். வயசாகிவிட்டது, ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். சீட்டின் மானமும் பிழைத்துவிடும். அம்மா சைக்கிளை ஓரமாக நிறுத்தி இறங்கினார். கூட்டம் மொத்தமும் நின்றது. நர்ஸ் தண்ணீர் பாட்டிலோடு வந்தார்.

அம்மா யாரையும் பார்க்கவில்லை, சீட்டைத்தான் பார்த்தார். இப்படி ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்தால் முதலில் என்ன கேட்போம்? எங்கே வலிக்கிறது என்று கேட்போம். தன்னையே கேட்டுக்கொண்டார். வலி எலும்பில் இல்லை. உட்காரும் எலும்பு இரண்டும் மெத்துக்குள் போய்ப் புதைந்துவிட்டன. புதைந்ததும் நடுவில் ஃபோம் பிதுங்கி மேலே வந்து, இருக்கக்கூடாத இடத்தில் உடம்பைத் தாங்குகிறது. சோபாவில் உட்கார்ந்தவர் காலை ஆட்டமாட்டார், புதைந்தால் சுகம். இங்கேயோ கால் நிற்பதே இல்லை, ஒவ்வொரு மிதிக்கும் உரசல். வாழ்நாள் முழுக்க சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கே தைத்த கை, வேலை செய்கிறவருக்குத் தைக்கத் தெரியாமல் தைத்துவிட்டது.

தெரிந்துபோயிற்று. ஆனால் காலையில் அத்தனை பேரையும் அமுக்கிப் பார்க்க வைத்த சீட் இது. அப்படியிருந்தும் அம்மா சட்டைப் பையில் கையை விட்டு, தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தார். அது இல்லாமல் அவர் தூங்கப்போவதுகூட இல்லை.

"நான் தப்பா தெச்சுட்டேன்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "கொஞ்சம் இருங்க, பிரிச்சுட்டு வர்றேன்."

அந்தப் பிரிப்பைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மறைதையலின் முடிச்சு இருக்கும் இடத்தை விரலாலேயே தடவிக் கண்டுபிடித்து, ஒரே ஒரு வெட்டு. நூல் முழுசாக உருவிக்கொண்டு வந்தது. தோலில் ஒரு கீறல் இல்லை, ஃபோமில் ஒரு பிசிறு இல்லை, உள்ளே கடைக்காரனின் சீட் புதுசாக முழித்துக்கொண்டு கிடந்தது. இப்படித் தைக்கக்கூட யாராவது கற்றுக்கொண்டுவிடலாம், இப்படிப் பிரிக்க அந்த ஊரில் வேறு ஆளில்லை. நர்ஸ் தன்னையறியாமல் கை தட்டிவிட்டார். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் பையிலிருந்து திருகாணி முடுக்கும் சாவியை எடுத்து சீட் கம்பியை உயர்த்திக் கொடுத்தார். உரித்த குஷனைச் சுருட்டித் தன் முதுகுப் பையில் வைத்துக்கொண்டார்.

வலி உடனே பறந்துவிட்டது என்று கதை விடமாட்டேன். எரிந்த இடம் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எலும்பு இரண்டும் நிற்க இடம் கிடைத்ததும் கால் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. கடைசி மேட்டில் லேசான கியருக்கு மாற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். பேக்கரிக்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். அம்மா இறங்கவில்லை.

மேல் ஏறியதும் அணை. கரை முழுக்கக் கல் படிகள், அதற்கப்பால் கண் போகிற தூரம் வரை தண்ணீர். காற்றில் தோல் சுருங்குவது போல அது சுருங்கிச் சுருங்கி விரிந்தது. வெள்ளைப் பறவைகள் கூட்டமாக இறங்கின. எதிர்க்கரை மலை தலைகீழாக உள்ளே ஆடிக்கொண்டு கிடந்தது. அம்மா சைக்கிளைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். இவ்வளவு தூரம் தன் காலால் வந்திருக்கிறோம் என்ற நினைப்பில் நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது. தண்ணீரைப் பார்க்கப் பார்க்க, வந்தது பெருமையா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்காரர் பையிலிருந்து அந்தக் குஷனை எடுத்துப் படியில் போட்டு, உட்காரச் சொன்னார். அம்மா உட்கார்ந்தார். கல் தெரியவே இல்லை. அசையாமல் உட்காருகிறவருக்கு அதைவிட நல்ல சீட் உலகத்தில் இல்லை.

"சும்மா தண்ணிதான்னு சொன்னீங்க" என்றார் அம்மா.

அவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்து ஷூவைத் தளர்த்திக்கொண்டார். "நீ அங்க பஞ்சுத் தூசியில உட்கார்ந்திருப்பே. வந்து எப்படிச் சொல்றது, இங்க இப்படி இருக்குன்னு?"

அம்மா குஷனில் கொஞ்சம் நகர்ந்து பாதி இடம் விட்டார். அவர் வந்து ஒண்டிக்கொண்டார்.

மூச்சிரைக்க மேலேறி வந்த பேக்கரிக்காரர் கல்லில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்து நின்று பார்த்தார். பிறகு, இதே மாதிரி தனக்கும் ஒன்று வேண்டும், சைக்கிளுக்கு இல்லை, இங்கே உட்காரத்தான், அடுத்த ஞாயிறு கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை கடை கிடையாது" என்றார் குஷன்காரம்மா, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். "திங்கட்கிழமை வாங்க."