துணைக்கு ஒரு ஆள்

தூதரக வேலை என்றால் பளபளக்கும் காரும் கைகுலுக்கலும்தான் என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுடைய நாத்தனாரும் அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தாள். உண்மையில், இரண்டாம் செயலாளரான அவளுக்குப் பாதி நாள் ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கழிந்தது. பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர்கள், சட்டைப் பையோடு சேர்த்துத் துவைத்தவர்கள், "அஞ்சு நிமிஷத்துல குடுங்க, டாக்சி நிக்குது" என்பவர்கள் என்று வரிசை நீளும். மீதிப் பாதி அந்நாட்டு அமைச்சகங்களின் வராந்தாக்களில் போகும். மெத்தை நாற்காலியில் உட்கார வைத்து உபசரித்தால் காரியம் நடக்காது, மர பெஞ்சைக் காட்டினால் இன்றைக்கே முடியும் என்று அனுபவத்தில் கண்டுபிடித்திருந்தாள்.

கணவனுக்கு வங்கி வேலை; விட்டுவிட்டு வர முடியாது. மகன் பத்தாம் வகுப்பு. அதனால் அவள் மட்டும் வந்தாள். ஒருநாள் காலையில் வீட்டுக்குப் போன் செய்தபோது ஒரு ஆண் குரல் எடுத்தது. "என்னங்க, பையன் எழுந்துட்டானா?" என்று கேட்டாள். "அம்மா, நான்தான்" என்றது அந்தக் குரல். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். போனை வைத்தபின் சிரிப்பு வரவில்லை. பிள்ளைக்குக் குரல் உடைந்தது பெற்றவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவனோடு பேச உட்கார்ந்தால் பேச்சே வராமல் போனது. "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதற்குமேல் நாக்கு நகராது.

இந்தச் சமயத்தில்தான் கப்பல் சமையல்காரர் வந்து சேர்ந்தார். ஏணியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட, அவரைத் துறைமுக மருத்துவமனையில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. இப்படி அநாதரவாக நிற்பவர்களைப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. முதல்நாள் கடமைக்குத்தான் போனாள்.

"வாங்க மேடம். இந்த ஊர் சூப்பைக் குடிச்சீங்களா? துணி அலசின தண்ணியை சுட வச்சுத் தராங்க" என்றார் அவர், இடுப்புவரை மாவுக்கட்டோடு.

எத்தனை மாதமாயிற்று இப்படி ஒரு பேச்சைக் கேட்டு! தூதரகத்தில் அவளைத் தவிரத் தமிழ் தெரிந்தவர் தூதர் ஒருவர்தான். அவருக்கும் அலுவலகக் கோப்புகளைத் தாண்டிப் பேச நேரமில்லை. மறுநாளும் அவள் மருத்துவமனைக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். மேடம் அக்கா ஆனாள். வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது, கணவனுக்குக் கடுகு தாளிக்கத் தெரியாதது, மகன் சின்ன வயதில் செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டது என்று எல்லாவற்றையும் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து கொட்டினாள். சமையல்காரரும் சும்மா இருக்கவில்லை. அவருடைய மனைவிக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். அக்காவின் ஊரிலேயே, சமையல்காரரின் மாமனார் வீட்டில் இருந்தாள். "எப்பவேணா வலி வரலாங்கறா. நான் இங்க கம்பம் மாதிரி கெடக்கறேன்" என்பார்.

டாக்டர் ஒருவழியாகப் பயணத்துக்குச் சம்மதித்தார். ஆனால் காலை மடக்க முடியாதவரைத் தனியாக ஏற்ற விமானக் கம்பெனி மறுத்தது. துணைக்கு ஒரு ஆள் வேண்டும்.

தூதர் அவளை அழைத்தார். "நீங்களே கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேம்மா. அப்படியே நாலு நாள் வீட்டையும் பாருங்க. தலைமையகத்துல அனுமதி வரணும், எப்படியும் ரெண்டு வாரம் ஆகும்."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கையெழுத்தாகி வராத எதையும் வாயால் சொல்லாதே என்பது அந்த வேலையின் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே அதைச் சொல்லிக் கொடுப்பாள். அவள்தான் அன்று சாயங்காலமே மகனுக்குப் போன் செய்து, "நான் வரேன்டா" என்றாள்.

"நிஜமாவா? தேதி சொல்லு. அப்பா! அம்மா வருதாம்!" அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது.

சமையல்காரரிடமும் சொன்னாள். அவர் ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தார். "ரெண்டு வாரமா? பரவால்லக்கா. உங்ககூடன்னா தைரியமா வருவேன். குழந்தை எங்க ஓடிடப் போகுது? பொறந்து அங்கதான இருக்கும்" என்றார். அன்று அவர் அதற்குமேல் ஜோக் அடிக்கவில்லை.

மறுநாள் கண்ணாடித் தடுப்பின் முன் ஒரு பொறியாளர் வந்து நின்றார். அணை கட்டும் வேலைக்கு வந்தவர். புதுப்பித்த பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "நாளன்னிக்கு ஊருக்குக் கிளம்பறேன் மேடம்" என்றார். வாட்டசாட்டமான ஆள். சமையல்காரர் போகவேண்டிய அதே விமானம், அதே ஊர். அவர் அன்று வந்ததோ, எங்கே போகிறார் என்பதோ அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் வாயைத் திறக்காவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

பொறியாளர் நன்றி சொல்லித் திரும்பினார். கதவுவரை போய்விட்டார். மகனுடைய புதுக் குரல் அவள் காதில் கேட்டது. அந்தக் குரல் முதன்முதலாக உடைந்த நாளை இனி எந்த விமானத்தில் போனாலும் பார்க்க முடியாது. அவளுக்குப் போனது போனதுதான். சமையல்காரருக்கு இன்னும் போகவில்லை.

"சார், ஒரு நிமிஷம்" என்று எழுந்தாள்.

பொறியாளர் துணைக்கு வர உடனே சம்மதித்தார். அன்று மாலை, தான் வரவில்லை என்று வீட்டுக்குச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. கணவன், "விடு, அடுத்த தடவை" என்றான். மகன் போனுக்கு வரவில்லை. "ரூமைப் பெருக்கி வச்சான்" என்று மட்டும் கணவன் சொன்னான். பிறகு அவனே, "அந்தச் சமையல்காரரை இங்க ஏர்போர்ட்லேர்ந்து யார் கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்டான். மாமனார் மகளை விட்டுவிட்டு வர முடியாது என்று அவள் சொல்ல, "அப்ப நாங்க போறோம்" என்றான்.

விமானம் போய்ச் சேர்ந்த நேரத்தில் அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தாள். போன் அடித்தது. மகன். பின்னணியில் தள்ளுவண்டிச் சத்தம், அறிவிப்பு, யாரோ யாரையோ "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கூப்பிடுவது எல்லாம் கேட்டது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வந்துட்டாரும்மா. நான்தான் சக்கர நாற்காலி தள்றேன். அவர் வைஃபை ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க. இன்னும் பொறக்கலையாம், நேரா அங்க விடறோம்."

"பாத்துடா. காலை இடிச்சிடாத."

"எல்லாம் தெரியும்." அவன் சற்று நிறுத்தினான். "நான் செருப்பு மாத்திப் போட்டதெல்லாம் சொன்னியாமே? அவர்கிட்ட தினமும் அவ்வளவு பேசுவியா?"

"ஆமா."

"என்கிட்ட ரெண்டு நிமிஷத்துல வச்சிடற."

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். கையைக் காட்டி நிற்கச் சொன்னாள்.

"இப்ப பேசறேன்டா" என்றாள்.

"இப்பவா? அவரைக் கார்ல ஏத்தணும். சாயங்காலம் பண்ணு. நான் எடுக்கறேன்."

போன் நின்றது. அவள் திரும்பி, கண்ணாடிக்கு வெளியே நின்றவரின் நனைந்துபோன பாஸ்போர்ட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பிரித்தாள். சாயங்காலத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.